90 நாள் உனக்கு, 48 மாதம் எனக்கு!

அமெரிக்க கிரீன் கார்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பத்து வருஷம் செல்லுபடியாவது. இன்னொன்று இரண்டே வருஷம். பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஏர்போர்ட் இமிக்ரேஷனில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

வித்தியாசம் காலாவதி ஆகிற அன்றுதான் தெரியும்.

பத்து வருஷக் கார்டு காலாவதியானால் குடி ஒன்றும் முழுகிவிடாது. செத்தது பிளாஸ்டிக் அட்டைதான். அதை வைத்திருந்தவர் அப்போதும் நிரந்தரவாசிதான். பணம் கட்டிப் புது அட்டை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வருஷக் கார்டு அப்படியில்லை. அது முடிவதற்குமுன் ஐ-751 என்கிற பாரத்தை அனுப்பியிருக்காவிட்டால், அட்டையோடு சேர்ந்து அந்தஸ்தும் போய்விடும். ராத்திரி படுக்கும்போது சட்டப்படி குடியிருந்தவர், காலையில் எழுந்திருக்கும்போது நாடு கடத்தப்படத் தகுதியானவர்.

யாருக்கு இந்த இரண்டு வருஷக் கார்டு? பெரும்பாலும், அமெரிக்க சிட்டிசனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு. மாப்பிள்ளை எச்-1பி என்றால் இந்தக் கதை கிடையாது. அது வேறு தலைவலி. ஆனால் மாப்பிள்ளையோ பெண்ணோ அங்கேயே பிறந்தவர் அல்லது சிட்டிசன்ஷிப் வாங்கியவர் என்றால், இங்கிருந்து போகிற துணைக்கு முதல் வருஷமே கிரீன் கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆவதற்குள் கிடைத்தால் அது நிபந்தனைக் கார்டு. இரண்டாவது திருமண நாளுக்கு முதல் நாள் நியூயார்க்கில் இறங்கினால் இரண்டு வருஷம். அதே பெண் இரண்டு நாள் தள்ளி இறங்கினால் பத்து வருஷம். அதே விசா, அதே புருஷன், அதே சூட்கேஸ்.

சட்டத்தில் இவர்களுக்குப் பெயர் 'நிபந்தனைக்குட்பட்ட நிரந்தரவாசி'. நிரந்தரம், ஆனால் நிபந்தனைக்கு உட்பட்டது. நம்ம ஊர் அரசாணைகளில்தான் இந்த மாதிரி மொழிநடையைப் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனை இதுதான். கார்டு முடிகிற தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, 'எங்கள் கல்யாணம் நிஜக் கல்யாணம்தான்' என்று மனு போட வேண்டும். கட்டணம், 2024 ஏப்ரல் முதல் 750 டாலர். கூடவே ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, இன்ஷூரன்ஸ், குழந்தை இருந்தால் பர்த் சர்டிஃபிகேட். முதல் நாளே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அதுவும் முடியாது. 90 நாளைக்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீக்கிரம் வந்தாலும் தப்பு, லேட்டாக வந்தாலும் தப்பு.

எங்கிருந்து வந்தது இந்த ஏற்பாடு?

1985ல் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் அப்போதைய குடியேற்றத் துறையான ஐ.என்.எஸ். ஒரு கணக்கு சொன்னது. கல்யாணத்தைக் காட்டி விசா கேட்கிறவர்களில் சுமார் 30 சதவிகிதம் பேரின் திருமணம் சந்தேகத்துக்குரியது என்று. முப்பது! மூன்று கல்யாணத்தில் ஒன்று டூப்ளிகேட் என்றால் எந்த எம்.பி.தான் சும்மா இருப்பார்? அடுத்த வருஷமே திருமண மோசடித் தடுப்புச் சட்டம் வந்தது. 1986 நவம்பர் 10ஆம் தேதி ரீகன் கையெழுத்துப் போட்டார். அதற்கு நாலு நாள் முன்னால்தான், கள்ளத்தனமாக வந்து தங்கியிருந்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பொதுமன்னிப்பு தரும் சட்டத்தில் அதே பேனாவை ஓட்டியிருந்தார். எல்லை தாண்டி வந்தவருக்கு மன்னிப்பு, தாலி கட்டிக்கொண்டு வந்தவளுக்கு நிபந்தனை. ஒரே வாரம்.

அந்த 30 சதவிகிதம் என்ன ஆயிற்று? சர்வேயே புள்ளியியல் கணக்குப்படி செல்லாது என்று பிறகு ஐ.என்.எஸ்.ஸே ஒப்புக்கொண்டது. 1990ல் வட கரோலினாவில் ஒரு ஃபெடரல் கோர்ட் தன் தீர்ப்பில் இதைப் பதிவு செய்தது. சந்தேகப்பட்டதையெல்லாம் மோசடி என்று கூட்டிச் சொன்ன கணக்கு. நான் படித்தது பி.காம். எங்கள் ஆடிட்டிங் வாத்தியாரிடம் இப்படி ஒரு ஷீட்டைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பார். கணக்கு செத்துவிட்டது. அதன் பெயரால் வந்த சட்டம் இன்றைக்கும் திடகாத்திரமாக இருக்கிறது.

இருக்கட்டும். போலிக் கல்யாணம் நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. 2003ல் வந்த 'நள தமயந்தி' படத்தில் மாதவன் ஆஸ்திரேலியாவில் செய்ததைக் காசு கொடுத்து அமெரிக்காவில் செய்கிறவர்கள் உண்டு. அதற்குத் தனியாகத் தண்டனையும் உண்டு. ஐந்து வருஷம்வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதம். ஒருமுறை மோசடி என்று முடிவாகிவிட்டால், அதற்கப்புறம் நிஜமாகவே யாரையாவது கட்டிக்கொண்டாலும் ஆயுசுக்கும் மனு செல்லாது. போதாதா?

என் கேள்வியே வேறு. தேதியைத் தவறவிடுவது யார்?

போலி ஆசாமி தவறவிட மாட்டான் சார். அவன் கல்யாணம் பண்ணிக்கொண்டதே அந்தத் தேதிக்காகத்தான். ஃபைல் ரெடியாக இருக்கும். ஜாயின்ட் அக்கவுன்ட், ஜாயின்ட் வாடகை, பீச்சில் தோளோடு தோள் உரசி எடுத்த போட்டோ, எல்லாம் ஆல்பத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும். மறக்கிறவர்கள் நிஜமாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். வேலை மாறுகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், பிள்ளை பெறுகிறவர்கள், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஒரு வாழ்க்கை. அதற்கு எக்ஸ்பைரி டேட் இருக்கிறது என்று தினமும் காலண்டரைப் பார்ப்பார்களா?

'ஒரு தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதா? அரசாங்கம் நினைவூட்டாதா?' என்று கேட்பீர்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தச் சட்டத்தின் நோட்டீஸ் பிரிவைப் படித்துப் பாருங்கள். 90 நாள் தொடங்கும் சமயத்தில் குடியேற்றத் துறை நினைவூட்டல் அனுப்ப 'முயல வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. முயன்றால் போதும். அடுத்த உட்பிரிவு இன்னும் அழகு. துறை நோட்டீஸ் அனுப்பத் தவறினாலும், அதனால் இந்தச் சட்டம் அமலாவது பாதிக்கப்படாது!

அதாவது அரசாங்கம் மறந்தால் பரவாயில்லை. அந்த மறதிக்கான முன்ஜாமீன் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வந்தவள் மறந்தால் கதை முடிந்தது. கோர்ட்டுக்குப் போனாலும், கெடு தவறியதற்கு அவள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவள் தலையில்.

சரி, ஒழுங்காக 90 நாளுக்குள் மனு போட்ட சமர்த்துகளின் கதை என்ன?

முன்பெல்லாம் மனு கிடைத்ததும் ஒரு ரசீது வரும். 'உங்கள் கார்டின் ஆயுளை 12 மாதம் நீட்டித்திருக்கிறோம், அதற்குள் முடிவு சொல்கிறோம்' என்கிற பாணியில். 12 மாதத்தில் முடியவில்லை. 2018ல் அதை 18 மாதமாக்கினார்கள். 2021ல் 24 மாதம். 2023 ஜனவரியில் ஒரே தாவலாக 48 மாதம்! இரண்டு வருஷக் கார்டை வைத்திருப்பவருக்கு நாலு வருஷ எக்ஸ்டென்ஷன். குட்டி தாயைவிடப் பெரிசு.

உனக்கு 90 நாள். எனக்கு 48 மாதம். நீ ஒரு நாள் தாமதித்தால் உன் அந்தஸ்து காலி. நான் நாலு வருஷம் தாமதித்தால் என் இலாகாவில் ஒரு பியூனுக்குக்கூட மெமோ கிடையாது. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாத இந்தப் பேரேட்டைத்தான் உலகத்தின் மிகப் பெரிய ஜனநாயகங்களில் ஒன்று 1986லிருந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் அதே நாட்டில் வருமான வரிக் கணக்கை லேட்டாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டாமல் வைத்த வரியில் மாதத்துக்கு 5 சதவிகிதம், அதிகபட்சம் 25 சதவிகிதம் அபராதம். ரீஃபண்ட் வர வேண்டியவராக இருந்தால் அதுகூடக் கிடையாது. இங்கே நம் வருமான வரித் துறையும் தாமதக் கட்டணமாக ஐந்தாயிரம் ரூபாய் வரை வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறது. லேட்டாக ரிட்டர்ன் போட்டதற்காக 'நீ இனிமேல் இந்த ஊர்க்காரன் இல்லை' என்று எந்த இன்கம்டாக்ஸ் ஆபீசரும் சொன்னதில்லை. பணம் விஷயத்தில் இத்தனை தாராளமாக இருக்கிற நாடு, கல்யாண விஷயத்தில் ஏன் இப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் எம்.சி.ஏ. மாப்பிள்ளை தங்கமான பையன். போன புதிதில் 'பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே' என்று சொன்னான். பார்த்தும் கொண்டான். பிறகு ஊர் மாறினார்கள். குழந்தை மாதம் முடியாமல் பிறந்து பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்தக் களேபரத்தில் ஐ-751 யாருக்கு ஞாபகம் இருக்கும்? சென்னையில் அம்மாவுக்கு பைபாஸ் என்று போன் வந்து டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் அவள் கார்டை எடுத்துப் பார்த்தாள். முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அம்மாவின் ஆபரேஷனை அவள் வீடியோ காலில்தான் பார்த்தாள். கிளம்பி வந்திருந்தால் திரும்பும்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வக்கீல் பிடித்து, ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளை வைத்து, ஏன் தாமதம் என்று பக்கம் பக்கமாக எழுதி, லேட்டாக மனு போட்டார்கள். ஏற்றுக்கொண்டார்கள். அவள் புருஷன் நல்லவனாக இருந்ததால் இரண்டாவது கையெழுத்துக்குப் பஞ்சமில்லை.

நல்லவனாக இல்லாவிட்டால்?

இந்த ஏற்பாட்டின் விஷம் அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் இருக்கிறது. இரண்டு வருஷம் ஒரு பெண்ணின் அந்தஸ்து இன்னொருவர் பேனா முனையில் தொங்குகிறது. 'ஒழுங்கா இரு, இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேன்' என்ற ஒரு வரி போதும். எத்தனை அறைகளுக்கு அந்த வரி வாய்ப்பூட்டாக இருந்திருக்கும்? 1986ல் சட்டம் எழுதியபோது அடி உதை படுகிற துணைக்கென்று தனியாக ஒரு வழி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நாலு வருஷம் கழித்து 1990ல்தான், கணவன் கையெழுத்து இல்லாமலே தனியாக மனு போடலாம் என்று சேர்த்தார்கள். விவாகரத்தானவர்களுக்கும், திருப்பி அனுப்பினால் கடும் துன்பத்துக்கு ஆளாவோம் என்று காட்டக்கூடியவர்களுக்கும் இப்போது இந்தத் தனி மனு உண்டு. இதற்கு 90 நாள் கெடுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? விவாகரத்துக் காரணத்தைக் காட்ட வேண்டுமென்றால் தீர்ப்பு கையில் இருக்க வேண்டும். பிரிந்து இருக்கிறோம், கேஸ் நடக்கிறது என்பது போதாது. கையெழுத்துப் போட மறுக்கிற கணவன், விவாகரத்தை மட்டும் வேகமாகக் கொடுத்துவிடுவானா?

இன்னொரு வகை உண்டு. 'லீவுக்குப் போயிட்டு வரலாம் வா' என்று அழைத்துவந்து, மனைவியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, அவளுடைய கார்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு தனியாக ஏறிவிடுகிற உத்தமர்கள். இது கதை இல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பற்றிய புகார்களுக்காகவே 2009ல் தேசிய மகளிர் ஆணையத்தில் என்.ஆர்.ஐ. பிரிவு தொடங்க வேண்டியிருந்தது. இப்படி விடப்பட்டவள் திருச்சியிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்திருக்க, அங்கே 90 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் சட்டம் அவளைப் பார்த்து, 'கெடுவை நீ மதிக்கவில்லை' என்கிறது.

அம்மாவின் மறுமணத்தோடு கூடப் போன குழந்தைக்கும் இதே நிபந்தனைதான். எட்டு வயசுப் பையன் எந்தக் கெடுவைத் தவறவிட்டான்?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கெடு தாண்டிய மறுநாளே போலீஸ் வந்து கதவைத் தட்டும் என்று யாரையும் நான் பயமுறுத்தவில்லை. தகுந்த காரணமும் தவிர்க்க முடியாத சூழ்நிலையும் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. ஆஸ்பத்திரி, மரணம், குடும்பத்தில் பெரிய சிக்கல் என்று எழுதிக் காட்டலாம். ஆனால் தகுந்த காரணமா, இல்லையா என்று முடிவு செய்வது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அதிகாரி. நல்ல வக்கீல் வைக்க வசதி உள்ளவரின் காரணம் தகுந்ததாகத் தெரியும். 'சாரி, தெரியாம விட்டுட்டேன்' என்று நாலு வரி எழுதுகிறவரின் காரணம்?

அதிகாரி ஒப்புக்கொள்ளாவிட்டால் குடியேற்ற கோர்ட். அங்கே நிலுவையில் இருக்கிற கேஸ்கள் 2023 முடிவதற்குள்ளேயே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மனு நிராகரிக்கப்பட்டு, தங்க உரிமையும் இல்லாமல் போகிறவர்களுக்குக் கோர்ட் நோட்டீஸ் அனுப்புவதை 2025 பிப்ரவரி கடைசியில் இன்னும் விரிவுபடுத்தினார்கள். முன்பு அசட்டையாக இருந்து தப்பித்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டு யாரும் இப்போது அசட்டையாக இருக்க வேண்டாம்.

இதைச் சரி செய்வது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. லேட்டானால் அபராதம் போடு. 750க்கு 1,500 டாலர் வாங்கு. அந்தஸ்தில் கை வைக்காதே. நோட்டீஸ் அனுப்பாமல் கெடு முடிந்தது என்று சொல்லாதே. அனுப்புகிற நோட்டீஸைப் போனவள் கைக்கே கிடைக்கும்படி, அவளுடைய மெயிலுக்கும் போனுக்கும் தனியாக அனுப்பு. கிரெடிட் கார்டு பில்லுக்கு மூன்று எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு இது முடியாதா?

அமெரிக்க காங்கிரஸ் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் நம் பக்கமும் திரும்புகிறேன்.

பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாப்பிள்ளையின் சம்பளத்தை டாலரில் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். பெண்ணுக்கு என்ன விசா, என்ன கார்டு, அது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டால் மட்டும் 'அதெல்லாம் மாப்பிள்ளை பாத்துப்பார்' என்கிறோம். கேட்டால் மாப்பிள்ளை தப்பாக நினைத்துக்கொள்வாராம்! நான் அறிந்தவரை இந்தக் கேள்வியால் நின்றுபோன கல்யாணம் எதுவும் இல்லை. பெண்ணும் சளைத்தவள் இல்லை. இங்கே பேங்கில் ஆபீசராக இருந்தவள், அங்கே போய்த் தன் பெயரை ஜாயின்ட் அக்கவுன்ட்டில் சேர்க்கச் சொல்லக் கூச்சப்படுகிறாள். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர், கார் அவர் பெயர், கரன்ட் பில் அவர் பெயர். மண்டபத்தில் எடுத்த இரண்டாயிரம் போட்டோவை நீட்டினால் யு.எஸ்.சி.ஐ.எஸ். ஆபீசர், 'கல்யாணம் நடந்தது சரி, குடித்தனம் நடந்ததற்கு ஆதாரம் எங்கே?' என்றுதான் கேட்பார்.

ஆகவே அடுத்த முறை மகளோடோ மகனோடோ பேசும்போது, என்ன சமையல் என்று கேட்டு முடித்த கையோடு கார்டை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வகை என்கிற இடத்தில் சி.ஆர். என்று ஆரம்பித்தால் அது நிபந்தனைக் கார்டு. காலாவதித் தேதி அக்டோபர் 15 என்றால் 90 நாள் கணக்கு ஜூலை 17ல் ஆரம்பிக்கிறது. ஜூலை 10ஆம் தேதி அனுப்பினால் திரும்பி வரும். அக்டோபர் 16ஆம் தேதி அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் புது விலாசத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால், இன்னும் ஒரு வாரம் யோசிக்காமல் லைசென்ஸ் உள்ள குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். 'இதெல்லாம் நானே ஃபில் பண்ணித் தர்றேன்' என்கிற கோயில் பிராகார ஆலோசகர்கள் வேண்டாம். நியூஜெர்சி கோயில்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.